வால்வு ஆம்ப் கட்டப் போறீங்களா? முதல்ல கரன்ட்டைப் பாருங்க!

அருப்புக்கோட்டை, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி என்று நீளும் மானாவாரி பூமியில் கோயில் பொங்கல் என்றால், சாமி புறப்படும் முன்பே ரேடியோ செட் வந்து இறங்கிவிடும். மற்ற ஊர்களில் மைக்செட், சவுண்ட் சர்வீஸ் என்பார்கள். இந்தப் பக்கம் அது ரேடியோ செட்தான். வேப்பமரக் கிளையில் குழாய் ஸ்பீக்கர், பந்தல் ஓரம் ஒரு பெஞ்ச், அதன்மேல் இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டியின் சல்லடைத் துளைகள் வழியே எட்டிப் பார்த்தால், உள்ளே கண்ணாடிக் குப்பிகள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும். அவைதான் வால்வுகள்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். ஊரெல்லாம் விளக்குப் போட்டு, தோட்டத்து பம்ப்செட்டுகளும் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். கணீரென்று பாடிக்கொண்டிருந்த குரல், தொண்டையில் சளி கட்டியது போலக் கம்மிப்போகும். ரேடியோ செட்காரர் பதறமாட்டார். பக்கத்தில் இருக்கும் பூஸ்டர் பெட்டியின் திருகை ஒரு படி ஏற்றுவார். குரல் எழும். ராத்திரி பம்ப்செட்டுகள் நின்றதும் மறக்காமல் ஒரு படி இறக்குவார். இறக்க மறந்தால் வால்வு போய்விடும், அன்றைய கூலியும் சேர்ந்து போய்விடும்.

ஆம்ப்ளிஃபயரின் உயிர் அதற்குள் போகும் மின்சாரத்தில் இருக்கிறது என்ற பாடத்தை அவர்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. இன்று கிதாருக்கு வீட்டிலேயே வால்வு ஆம்ப் கட்ட நினைக்கும் இளைஞர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய பாடமும் அதுதான். அவர்களில் பலர் கடைசியில்தான் அதற்கு வருகிறார்கள்.

ரேடியோ ரிப்பேர் கடையில் பிறந்த சத்தம்

வால்வுக்கு வயது நூற்றுக்கு மேல். 1904-ல் இங்கிலாந்தில் ஃபிளெமிங், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் முதல் வால்வைச் செய்தார். 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பிவலையைச் சேர்த்தார். அந்த வலையில் சின்ன அசைவு கொடுத்தால், வால்வுக்குள் ஓடும் பெரிய மின்னோட்டம் அதே தாளத்தில் அசையும். வாய்க்கால் மடையை விரலால் தூக்கி இறக்குவது மாதிரி. ஆம்ப்ளிஃபயர் என்பதே இந்த வித்தைதான்.

1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக வால்வுகள் வீட்டு ரேடியோவிலிருந்தும், பிறகு ரேடியோ செட்டிலிருந்தும் விடைபெற்றன. கிதார்காரர்கள் மட்டும் விடவில்லை. உலகப் புகழ்பெற்ற கிதார் ஆம்ப்களைச் செய்த லியோ ஃபெண்டர், 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். நம் ஊர் ரேடியோ செட்காரரின் அசல் பங்காளி என்றே சொல்லலாம். அவருடைய பேஸ்மேன் ஆம்ப்பை முன்மாதிரியாக வைத்துத்தான் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடை 1960-களின் தொடக்கத்தில் தன் முதல் ஆம்ப்பைக் கட்டியது.

ஏன் இந்தப் பிடிவாதம்? வால்வுக்குத் தாங்கும் அளவைவிட அதிகமாகச் சிக்னல் கொடுத்தால், அலையின் உச்சி சட்டென்று வெட்டுப்படாமல் வழவழப்பாகத் தேயும். காதுக்கு அது கரகரப்பும் இனிப்பும் கலந்த சத்தம். வேடிக்கை என்னவென்றால், ரேடியோ செட்காரர் இதற்குத்தான் பயந்தார். "செட்டு இரையுது" என்று ஊர்ப் பெரியவர் சொல்லிவிட்டால் அடுத்த வருஷம் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். அவர் வாழ்நாள் முழுக்கத் துரத்திய அந்த இரைச்சலைத்தான் கிதார்காரர் காசு கொடுத்து வாங்குகிறார்.

பின்னாலிருந்து கட்ட வேண்டும்

வீட்டு அறைக்கு 5 வாட் போதும். கல்யாண மண்டபத்தில் 500 வாட் ஸ்பீக்கர் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கேலியாகத் தெரியலாம். நல்ல 10 அங்குல காகிதக் கூம்பு ஸ்பீக்கரில் 5 வாட் வால்வு ஆம்ப்பை முழுசாகத் திறந்துவிட்டால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

அந்த அளவுக்கு மூன்று வால்வுகள் போதும். கிதாரின் மெல்லிய சிக்னலை வளர்க்க ஒரு இ.சி.சி.83. ஸ்பீக்கரை ஓட்ட ஒரு இ.எல்.84. வீட்டு ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்ற ஒரு இ.இசட்.81.

சர்க்யூட் படம் இன்டர்நெட்டில் கொட்டிக் கிடக்கிறது. பலர் அதை எடுத்து, இடப்பக்கம் கிதார் ஜாக்கிலிருந்து கட்ட ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், படத்தைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். ஸ்பீக்கரிலிருந்து தொடங்கி, சுவரில் இருக்கும் பிளக் வரை கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும்.

போட்டுத்தான் பார்ப்போமே. இ.எல்.84 நன்றாக வேலை செய்ய அதன் தகட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 250 வோல்ட் வேண்டும். அப்போது தகட்டில் 48 மில்லி ஆம்பியர், திரைவலையில் 5.5 மில்லி ஆம்பியர் ஓடும். இதை அந்த அளவில் நிறுத்திவைக்கக் கேத்தோடுக்கு அடியில் சுமார் 135 ஓம் ரெசிஸ்டன்ஸ் போடுகிறோம். அதில் 7 வோல்ட் விழும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக் கம்பியில் ஒரு 12 வோல்ட் விழும். இரைச்சலை வடிகட்டும் சோக்கில் இன்னொரு 11 வோல்ட். ஆக, 250 வேண்டுமென்றால் 280 வோல்ட் தயாரிக்க வேண்டும். இ.சி.சி.83 குடிக்கும் 2 மில்லி ஆம்பியரையும் சேர்த்தால் மொத்த ஓட்டம் 55 மில்லி ஆம்பியர் சொச்சம்.

ஏசியை டிசியாக்கும்போது கண்டன்சர் அலையின் உச்சி வரை நிரம்பும். அது டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைப் போல 1.41 மடங்கு. அதிலிருந்து இ.இசட்.81 தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கம்பிச் சுற்றின் இழப்பும் உண்டு. எல்லாம் கழித்துப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரில் 240-0-240 சுற்று தேவைப்படும். இதோடு வால்வுகளைச் சூடேற்ற 6.3 வோல்ட் சுற்று. இ.எல்.84-க்கு 0.76 ஆம்பியர், இ.சி.சி.83-க்கு 0.3, இ.இசட்.81-க்கு 1. கூட்டினால் 2 ஆம்பியரைத் தாண்டுகிறது, 3 ஆம்பியருக்குச் சுற்றச் சொல்லுங்கள். மொத்தத்தில் 60 வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர். அதைவிடக் குறைத்தால் சூடாகி வார்னிஷ் வாசனை வரும்.

முதல் கண்டன்சர் 47 மைக்ரோ ஃபாரட். 'பெரிசாப் போட்டா இரைச்சல் குறையுமே' என்று 220 போட்டுவிடாதீர்கள். இ.இசட்.81 தாங்கும் உச்சம் 50. அதற்கு மேல் போனால், ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் வால்வைக் கண்டன்சர் உறிஞ்சிக் கொன்றுவிடும். 47-ல் மிஞ்சும் அலைவு சுமார் 12 வோல்ட். அதன்பின் 5 ஹென்றி சோக், இன்னொரு 47. அலைவு நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். இ.சி.சி.83-க்குப் போகும் வழியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸும் 22 மைக்ரோ ஃபாரடும் வைத்தால் இன்னொரு வடிகட்டல். எல்லாக் கண்டன்சரும் 450 வோல்ட் தாங்குபவையாக இருக்கட்டும். சோக் என்றதும் மிரள வேண்டாம், பழைய டியூப்லைட் பட்டியில் கனமாக இருக்குமே, அதன் சொந்தக்காரன்தான்.

இந்த வடிகட்டலுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. டிசியாக மாற்றும்போது இரைச்சல் 100-ல் வரும். கிதாரின் ஆறாவது தந்தி 82, ஐந்தாவது தந்தி 110. இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது இந்த 100. எந்த ராகத்திலும் சேராத ஒரு சுருதிப்பெட்டி கூடவே பாடிக்கொண்டிருக்கும்.

வால்வு ரெக்டிஃபயர் போட்டால் கிதாரை அழுத்தி மீட்டும்போது வோல்டேஜ் ஒரு நொடி தழைந்து எழும், அந்தத் தழைவில்தான் சுகம் என்று பலர் சொல்வார்கள். இரண்டு வால்வுகள் மாறி மாறி உழைக்கும் பெரிய ஆம்ப்களில் அது உண்மை. நாம் கட்டும் இந்த ஒற்றை வால்வு ஆம்ப்பில் மின்னோட்டம் ஏறக்குறைய ஒரே அளவாக ஓடுவதால் தழைவு குறைவு. செலவைக் குறைக்க நினைத்தால் இ.இசட்.81-ஐ விட்டு டயோடு போடலாம். அப்போது சுற்றை 215-0-215 ஆகக் குறைக்க வேண்டும்.

முன்பக்கத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிதார் பிக்கப் தருவது சுமார் 0.1 வோல்ட். இ.சி.சி.83-க்குள் இரண்டு பாதிகள், ஒவ்வொன்றும் 50 மடங்கு பெருக்கும். இ.எல்.84-ஐ நிரப்ப 7 வோல்ட் உச்சி போதும். டோன் கன்ட்ரோலில் விழும் இழப்பு போக, இரைய வைக்கவும் மிச்சம் இருக்கும்.

காயில் கட்டும் கடைக்குப் போங்கள்

வால்வு ஆம்ப்பில் விலை கூடிய பொருள் வால்வு அல்ல, இரும்பும் செம்பும்தான். வெளிநாட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் போட்டால், அந்தக் கனத்துக்குக் கப்பல் கூலியே கண்ணைக் கட்டும். ஆனால், கிணற்றுப் பாசனம் இருக்கும் எந்த ஊர்ப் பக்கமும் மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கும். எனாமல் கம்பி, லெதராய்டு பேப்பர், வார்னிஷ், சுற்று எண்ணும் மெஷின் எல்லாம் அங்கே தயார். பவர் டிரான்ஸ்ஃபார்மர் அவர்களுக்குக் கை வந்த கலை.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். இ.எல்.84 எதிர்பார்ப்பது 5,200 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். 5,200-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 25.5. ஸ்பீக்கர் பக்கம் ஒரு சுற்றுக்கு வால்வு பக்கம் இருபத்தைந்தரைச் சுற்று என்ற விகிதம். அடுத்ததுதான் முக்கியம். சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் ஈ, ஐ வடிவத் தகடுகளை இப்படி ஒன்று அப்படி ஒன்றாக மாற்றி மாற்றி அடுக்குவார்கள். கை தானாக அதையே செய்யும். இதில் அப்படிச் செய்யக் கூடாது. ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் எதிர்ப்பக்கம், நடுவில் மெல்லிய காகிதம். சுற்றுக்குள் எப்போதும் டிசி ஓடுவதால், அந்த இடைவெளி இல்லையென்றால் இரும்பு காந்தத்தில் மூழ்கித் திணறும். மந்திர சத்தம் கெட்டுவிடும்.

வால்வுக்கு வருவோம். ஒரு காலத்தில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே இ.சி.சி.83 செய்து தந்தது. இன்று புதியவை ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்து வருகின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிக்கலாம், ஆன்லைனில் வாங்கலாம். அதற்கு முன் பழைய ரேடியோ செட் வைத்திருந்தவர்களின் பரணை ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காயலான் கடைக்குப் போகாமல் தப்பிய பெட்டி ஒன்று கிடைத்தால் சோக்கட், சேஸிஸ் தகடு, சில சமயம் உயிருள்ள வால்வே கிடைக்கும். உள்ளே இருக்கும் பழைய கண்டன்சர்களை மட்டும் நம்பாதீர்கள், எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

180-ம் 250-ம்

இனி, அந்த பூஸ்டர் பெட்டிக்குத் திரும்புவோம். 230 வோல்ட்டுக்குக் கட்டிய டிரான்ஸ்ஃபார்மருக்கு 180 வந்தால், 6.3 வோல்ட் சுற்றில் 4.9 தான் வரும். 280 வர வேண்டிய இடத்தில் 220. வால்வு சரியாகச் சூடாகாமல் சத்தம் கம்மும். நள்ளிரவில் 250 வந்தால் 6.3 இருக்க வேண்டிய இடத்தில் 6.85. வால்வு தாங்கும் எல்லை 10 சதவிகிதம் மேலே, 10 சதவிகிதம் கீழே, அதாவது 5.7 முதல் 6.9 வரை. விளிம்பில் நிற்கிறோம்.

ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் கட்டும்போதே உள்வரும் பக்கத்தில் 210, 230, 250 என்று மூன்று முனைகள் எடுத்துவிடச் சொல்லுங்கள். சில மீட்டர் கம்பிதான் கூடுதல் செலவு. கூடவே ஒரு வாரம் காலை, மாலை, இரவு என்று உங்கள் வீட்டு வோல்டேஜை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். எந்த முனையில் இணைப்பது என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

பெற்றோர் கவனத்துக்கு

பிள்ளை செல்போன் சார்ஜரைப் பிரித்துப் பார்ப்பது வேறு, இது வேறு. 280 வோல்ட் டிசி ஆளைக் கொல்லும். சுவிட்சை அணைத்த பிறகும் கொல்லும், ஏனென்றால் கண்டன்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். நம் கணக்கில் மூன்று கண்டன்சரும் சேர்ந்து 116 மைக்ரோ ஃபாரட். அவற்றின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்தால், அணைத்த 2 நிமிடத்தில் 3 வோல்ட்டுக்கும் கீழே வடிந்துவிடும். அதன்பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் இடது கை சட்டைப் பைக்குள் இருக்கட்டும். பழைய மெக்கானிக்குகளின் பழக்கம் இது. இரண்டு கைக்கும் நடுவில்தானே இதயம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால், விவரம் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது எர்த். கிதார் தந்திகள் கேபிள் வழியாக ஆம்ப்பின் சேஸிஸோடு இணைந்தவை. சேஸிஸில் கரன்ட் கசிந்தால் அது நேராக வாசிப்பவரின் விரலுக்கு வரும். 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்ஸீ நகர மேடையில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். ஆயிரக்கணக்கானோர் முன் வாசித்துப் பழகியவர்.

மூன்று பின் பிளக் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா? இந்தப் பக்கத்துக் கரிசல், கோடையில் பாளம் பாளமாக வெடித்துப் போகும். மண் சுருங்கி எர்த் குழாயை விட்டு விலகும், ஈரமும் இருக்காது. தை மாதம் நன்றாக வேலை செய்த எர்த், சித்திரையில் பெயருக்குத்தான் இருக்கும். அதனால்தான் எர்த் குழியில் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். கரிக்கு இங்கே பஞ்சமில்லை. சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி இந்த வட்டாரத்துப் பிழைப்புகளில் ஒன்று. வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், குடிதண்ணீர் வேண்டாம், பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும். கூடவே வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. ஒன்றை எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிடுங்கள். கிதார் இல்லாத வீட்டுக்கும் அது தேவைதான்.

இன்னொன்று. டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் வீட்டு மின்சாரத்தை நேராக எடுத்துக்கொள்ளும் பழைய வால்வு ரேடியோக்கள் உண்டு. அவற்றின் சேஸிஸே கரன்ட்டில் இருக்கலாம். அதை கிதார் ஆம்ப்பாக மாற்றலாம் என்று யாராவது வீடியோ போட்டால், அடுத்த வீடியோவுக்குப் போய்விடுங்கள்.

முதல் சுவிட்ச்

எல்லாம் பற்றவைத்து முடித்ததும் நேராகப் பிளக்கில் சொருகக் கூடாது. ஒவ்வொரு மெக்கானிக் மேஜையிலும் இருக்குமே சீரிஸ் பல்பு, அது வேண்டும். 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. குண்டு பல்பு கிடைப்பது இப்போது வால்வைவிடக் கஷ்டமாகிக்கொண்டு வருகிறது என்பது தனிக்கதை.

ஸ்பீக்கரை முதலில் மாட்டுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் தீப்பொறி பறந்து, காயில் கட்டும் கடைக்கு மறுபடி போக வேண்டியிருக்கும். அப்புறம், வால்வுகளைச் சொருகாமல் சுவிட்சைப் போடுங்கள். பல்பு மின்னி மங்கினால் நல்லது. பளிச்சென்று நின்று எரிந்தால் எங்கேயோ ஷார்ட். அணைத்துவிட்டுத் தேடுங்கள். மங்கிவிட்டால், மீண்டும் அணைத்து, கண்டன்சர் வடிந்ததை மீட்டரில் பார்த்து, வால்வுகளைச் சொருகி மறுபடி போடுங்கள். பல்பு இப்போது கொஞ்சம் கூடுதலாக எரியும், அது வால்வுகள் சூடேறும் கணக்கு. கருகும் வாசனையோ புகையோ இல்லையென்றால் பல்பைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கலாம்.

அரை நிமிடம் பொறுங்கள். கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறம் ஏறும். இ.எல்.84-ன் கேத்தோடு ரெசிஸ்டன்ஸில் மீட்டரை வைத்தால் 7 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 10-க்கு மேல் காட்டினால் வால்வு அளவுக்கு மீறிக் குடிக்கிறது, உடனே அணையுங்கள். 7-ல் நின்றால், ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேளுங்கள். 100 சுழற்சி இரைச்சல் இல்லாமல் லேசான 'ஸ்ஸ்' மட்டும் வந்தால், கிதாரைச் சொருகலாம்.